தோள் முதல் விரல் வரை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில், சிங்கப்பூரிலிருந்து வந்து சிறப்புரையாற்றிய ஓய்வுபெற்ற எக்ஸ்ரே ஊழியர் ஒருவரின் பேச்சு. பேசியது பேசியபடியே இங்கே தரப்படுகிறது.)

 

பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் அதை வெகு அழகாகப் பேசிவிட்டார்கள். நான் பேச்சாளன் அல்லன். சிங்கப்பூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்தது எலும்பு. அதிலும் நான் அதிகமாகப் படம் எடுத்தவை கைகள்தாம். மரத்திலிருந்து விழுந்த பிள்ளையின் கை, சாரத்திலிருந்து விழுந்த கட்டுமானத் தொழிலாளியின் கை, குளியலறையில் வழுக்கிய பாட்டியின் கை. ஆகவே இன்றைக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் உள்ள எலும்புகளை உங்களுக்கு அடையாளம் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன்.

எங்கே, எல்லாரும் வலக்கையைத் தூக்கி இடது தோள் மேல் வையுங்கள் பார்க்கலாம். தலைவர் அவர்களும்தான்! ஆங், அப்படித்தான். இப்போது கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் நடுப் பள்ளத்திலிருந்து தோள் முனை வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். ஒரு குச்சி மாதிரி தட்டுப்படுகிறதா? அதுதான் காறை எலும்பு. காறை என்பது கழுத்தோடு ஒட்டிப் போடும் ஒரு பழைய நகை. அந்த நகை கிடக்கும் இடத்தில் இருக்கிற எலும்புக்கும் அதே பெயர்.

பார்க்க மெலிந்த எலும்பு. ஆனால் ஒன்று கேளுங்கள். உங்கள் கை முழுவதையும் உடம்போடு எலும்பு வழியாக இணைப்பது இது ஒன்றுதான். வேறு எலும்பு இணைப்பே கிடையாது, மற்றதெல்லாம் தசைப் பிடிப்புதான். அந்தக் காலத்தில் காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கவிட்டு, தோளில் வைத்து ஸ்டோருக்குத் தூக்கி வந்தார்களே நம் பெரியவர்கள், அந்தக் கம்பு அழுத்தியது இந்த எலும்புப் பக்கம்தான்.

இன்னொரு விசேஷம். தாயின் வயிற்றில் ஐந்தாறு வாரக் கருவாக இருக்கும்போது உடம்பிலேயே முதன்முதலாக எலும்பாக மாறத் தொடங்குவது இந்தக் காறை எலும்பு. கடைசியாக வளர்ந்து முடிவதும் இதுதான். நெஞ்சுப் பக்கத்து முனை முழுதாக ஒட்டிப் போக இருபத்தைந்து வயதை நெருங்கிவிடும், சிலருக்கு அதையும் தாண்டும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவனுக்கும் காறை எலும்பு இன்னும் முற்றாமல் இருக்கலாம்! அடையாளம் தெரியாத எலும்புக்கூடு கிடைத்தால், அவர் இளைஞரா, வயதானவரா என்று பார்க்க நிபுணர்கள் தேடும் எலும்புகளில் இதுவும் ஒன்று.

தனி எலும்பாகக் கையில் கொடுத்தால் இது இடதா வலதா என்று எப்படிச் சொல்வது? தடித்த முனை நெஞ்சுப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம். வழவழப்பான முகம் மேலே, சொரசொரப்பான முகம் கீழே. நெஞ்சை ஒட்டிய வளைவு முன்பக்கம் புடைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தும்படி உங்கள் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்குத்தான் பொருந்தும்.

அடுத்தது முதுகுப் பக்கம். தோள்பட்டை எலும்பு. முக்கோண வடிவம். பிள்ளைகள் சட்டை கழற்றிக் கையைப் பின்னால் கட்டினால் இறக்கை முளைத்தது போலத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அதுதான். இரண்டாவது விலா எலும்பிலிருந்து ஏழாவது விலா எலும்பு வரைக்கும் மூடிக்கொண்டு, தசைகளுக்கு நடுவே வழுக்கி வழுக்கி நகரும். அதனால்தான் கையைத் தலைக்கு மேலே தூக்க முடிகிறது. இதன் பின்புறத்தில் ஒரு வரப்பு ஓடும். வெளிப்பக்க மூலையில் ஆழமில்லாத ஒரு குழி இருக்கும். வரப்பு உங்களைப் பார்க்க, கூர்முனை கீழே இருக்க, அந்தக் குழி வலப்பக்கம் பார்த்தால் வலது எலும்பு, இடப்பக்கம் பார்த்தால் இடது. இதைவிடச் சுலபமாக அடையாளம் காணக்கூடிய எலும்பு கையில் வேறொன்றும் இல்லை.

அந்தக் குழியைப் பற்றி ஒரு வார்த்தை. தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டு இருக்கிறதல்லவா, அந்த அளவுக்குத்தான் அதற்கு ஆழம். அதன் மேல் ஓர் உருண்டை உட்கார்ந்திருக்கிறது. ஆழம் குறைவு, ஆகவே எல்லாப் பக்கமும் சுழலும். அதே காரணத்தால் எளிதில் நழுவியும் விடும். உடம்பில் பெரிய மூட்டுகளில் அதிகமாக நழுவுவது தோள் மூட்டுதான், அதுவும் பெரும்பாலும் முன்பக்கமாக. செம்பனைக் குலை வெட்டுகிற அண்ணன்மார்கள் நாள் முழுக்க நீண்ட கழியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து இழுக்கிறீர்கள். உருண்டையைக் குழியில் பிடித்து வைத்திருக்கிற நான்கு தசைகள்தாம் அதற்குக் கூலி கொடுக்கின்றன. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாத வலி வந்தால் வயது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தோள் நழுவிவிட்டால், "டேய், நீ பிடிடா, நான் இழுக்கிறேன்" என்று நாமே வைத்தியம் பண்ணவும் கூடாது. படம் எடுக்காமல் இழுத்து, உடையாத எலும்பும் உடைந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மேற்கை எலும்பு. தோளிலிருந்து முழங்கை வரை ஒரே எலும்பு. கையில் மிகப் பெரியது. மேலே உருண்டை, கீழே கதவுக் கீல் மாதிரி ஓர் அமைப்பு, பின்புறம் ஒரு பள்ளம். பள்ளம் உங்கள் உடம்பைப் பார்க்கும்படி, உருண்டை மேலே இருக்கும்படி பிடியுங்கள். உருண்டை இடப்பக்கம் திரும்பியிருந்தால் அது வலக்கை எலும்பு. உருண்டை எப்போதும் உடம்பை நோக்கியே திரும்பியிருக்கும், அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இந்த எலும்பின் வெளிப்பக்கம், பாதித் தூரத்தில், ஒரு மேடு தட்டுப்படும். தோளைப் போர்த்தியிருக்கிற பெரிய தசை வந்து பற்றிக்கொள்ளும் இடம் அது. உழைக்க உழைக்க எலும்பு கனக்கும் பிள்ளைகளே. கதை இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில் தேர்ந்த டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள். ஆண்களில், ஆடுகிற கையின் மேற்கை எலும்புச் சுவர் மற்றக் கையைவிடச் சுமார் 35 விழுக்காடு தடித்திருந்தது. பந்தடிப்பவருக்கு உள்ள விதிதானே பால்மரம் சீவுகிறவருக்கும் மண்வெட்டி பிடிக்கிறவருக்கும்? டென்னிஸ்காரரை அளந்தவர்கள் மரம் சீவுகிறவரையும் ஒரு தடவை அளந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

முழங்கையின் உட்பக்கம் ஒரு முண்டு இருக்கிறது. அதன் பின்னால் ஒரு நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. நாற்காலி முனையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்று ஓடுமே, எலும்பில் அடிபட்டதாக நினைக்கிறோம். அடிபட்டது அந்த நரம்பு.

இந்த முழங்கை விஷயத்தில் தாய்மார்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். ஐந்து வயதிலிருந்து ஏழெட்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள் கொய்யா மரத்திலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ கையை ஊன்றி விழுந்தால், அதிகமாக உடைவது மேற்கை எலும்பின் அடிப்பகுதி, முழங்கைக்குச் சற்று மேலே. அந்த இடத்துக்கு முன்னால்தான் கைக்கு இரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் ஓடுகிறது. உடைந்த முனை அதைக் குத்தலாம், நெரிக்கலாம். அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? எண்ணெய் போட்டு உருவுகிறோம். மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டுகிறோம். வீக்கம் ஏற ஏற உள்ளே இரத்தம் ஓட வழியில்லை. சில மணி நேரத்துக்குள் முன்கைத் தசை சாகத் தொடங்கிவிடும். பிறகு எலும்பு கூடினாலும் விரல்கள் கோழிக்கால் மாதிரி சுருண்டு போகும். இறுகக் கட்டியதால் வரும் இந்தக் கேட்டை ஜெர்மனியில் ஃபோல்க்மன் என்ற அறுவை மருத்துவர் 1881-லேயே எழுதி வைத்துவிட்டார். இன்றும் அவர் பெயரில்தான் அதைச் சொல்கிறார்கள்.

நான் நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் புத்தூர்க் கட்டுக்குப் பெயர் உண்டு, நாடிப் போகிறவர்கள் இன்றும் போகிறார்கள். பெரியவர்களுக்கு நேராக உடைந்த எலும்பு அங்கே கூடியும் இருக்கலாம். ஆனால் பிள்ளையின் முழங்கை அந்தக் கணக்கில் சேராது. உருவாதீர்கள், இழுக்காதீர்கள். இருக்கிற வாக்கிலேயே ஒரு துண்டைக் கழுத்தில் கட்டித் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினாலும் அன்று இரவு முழுக்க விரல் நுனிகளைப் பாருங்கள். விரல் சில்லிட்டிருக்கிறதா? வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கிறதா? விரலை மெல்ல நிமிர்த்தினால் பிள்ளை அலறுகிறதா? வலி குறையாமல் ஏறிக்கொண்டே போகிறதா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிராணியை எழுப்பி வண்டி கேளுங்கள். தூக்கம் கெட்டதற்கு அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முன்கைக்கு வருவோம். இங்கே எலும்பு இரண்டு. கட்டைவிரல் பக்கம் ஆரை எலும்பு, சுண்டுவிரல் பக்கம் அரந்தி எலும்பு. ஆரை என்றால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால். இரண்டு எலும்பையும் மாற்றிச் சொல்வது மாணவர்களின் வழக்கம், ஆகவே ஒரு வழி சொல்கிறேன். மேலே அரந்தி முதலாளி, கீழே ஆரை முதலாளி. அதாவது முழங்கைப் பக்கம் அரந்தி தடித்து, கொக்கி மாதிரி வாயைத் திறந்துகொண்டு இருக்கும். மணிக்கட்டுப் பக்கம் போகப் போக மெலிந்துவிடும். ஆரை இதற்கு நேர்மாறு. மேலே சின்ன வட்டில்லை, கீழே அகன்று விரிந்து மணிக்கட்டைத் தாங்கும். நீங்கள் மேசையில் ஊன்றுகிறீர்களே முழங்கை முனை, அது அரந்தியின் கொக்கி முதுகு.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் வந்தால், கேம்பல் லேனிலும் பஃபலோ சாலையிலும் பூக்கடைகளைப் பார்க்கலாம். மல்லிகைச் சரத்தை முழம் போடுகிறார்கள். முழம் என்பது முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை. அளவுகோல் என்று வேறு எதுவும் வேண்டாம், அரந்தி எலும்பும் உள்ளங்கையும் விரலும் சேர்ந்தால் அளவு. கை நீளமான பூக்காரரிடம் வாங்கினால் நமக்கு லாபம்!

இப்போது உள்ளங்கை மேலே பார்க்கும்படி நீட்டுங்கள். இரண்டு எலும்பும் இரயில் தண்டவாளம் மாதிரி இணையாக இருக்கின்றன. அப்படியே உள்ளங்கையைக் கீழே கவிழ்த்துங்கள். ஆரை அரந்தியின் மேல் குறுக்கே புரண்டு விழுந்துவிட்டது. சாவி திருப்புவது, திருகு முடுக்குவது, மரத்தைச் சுற்றிப் பால்வெட்டு உளியை ஓட்டுவது எல்லாம் இந்தப் புரளலால் நடக்கிறது.

கையை ஊன்றி விழும் பெரியவர்களுக்கு, முக்கியமாக வயதான பெண்களுக்கு, ஆரையின் கீழ்முனை உடையும். மணிக்கட்டு முள்கரண்டியைக் கவிழ்த்தது போல வளைந்து நிற்கும். டப்ளின் நகரத்து டாக்டர் ஏப்ரகாம் காலிஸ் 1814-ல் இதை எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க அப்போது இன்னும் 81 ஆண்டு இருந்தது! வெறும் கையால் தொட்டுப் பார்த்தே உடைந்த இடத்தைச் சொல்லிவிட்டார் மனிதர். எங்கள் தொழிலின் தெய்வமான ரோண்ட்கன், 1895 டிசம்பர் 22-ஆம் நாள் எடுத்த புகழ்பெற்ற முதல் படமும் கைதான். தம் மனைவியின் கை. மோதிரத்தோடு எலும்பு தெரியும். எங்களிடம் வருகிறவர்களிடம் மோதிரத்தைக் கழற்றச் சொல்வோம், ஆனால் முதல் படத்திலேயே மோதிரம் இருக்கிறது.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள், கூழாங்கல் போல இரண்டு வரிசை. பிறந்த குழந்தையின் கையைப் படம் எடுத்தால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். எல்லாம் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாகத் தோன்றும். எட்டும் கணக்கில் வர ஒன்பது, பத்து வயதுக்கு மேல் ஆகிவிடும். ஆகவே முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கையில் இருப்பதைவிட ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் கையில் எலும்பு அதிகமாகத் தெரியும். சரியாக வளர்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் இடக்கையைப் படம் எடுக்கச் சொல்வது இதனால்தான். இந்த எட்டில் கட்டைவிரல் அடியில் படகு போன்ற ஒன்று உண்டு. விழுந்த அன்று எடுத்த படத்தில் அதன் வெடிப்பு தெரியாமல் போகலாம். இரத்த ஓட்டம் குறைவான இடம், கூட நாளாகும். "படத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்று வேலைக்குப் போய்விடாமல், வலி இருந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு படம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு. கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு, மற்றவற்றுக்கு மூன்று மூன்று. காறை ஒன்று, தோள்பட்டை ஒன்று, மேற்கை ஒன்று, முன்கை இரண்டு, மணிக்கட்டு எட்டு, உள்ளங்கை ஐந்து, விரல் பதினான்கு. கூட்டுங்கள். முப்பத்திரண்டு! சரியாகச் சொன்ன தம்பிக்கு என் பாராட்டு. இரண்டு கைக்கும் 64. உடம்பில் மொத்தம் 206 எலும்பு. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கையிலேயே இருக்கிறது.

இவ்வளவும் தமிழில் சொன்னேன், புரிந்துகொண்டீர்கள். இப்போது பெற்றோர் சிலர் தனியாக என்னிடம் கேட்பதை மேடையிலேயே சொல்லிவிடுகிறேன். "ஏங்க, தமிழ்ப்பள்ளியில போட்டா பிள்ளை பின்னால டாக்டருக்குப் படிக்க முடியுமா?" இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் பதில் கிடைத்துவிட்டது. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847-ல் அங்கே வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு 1864-லிருந்து தமிழில். அவரிடம் படித்துத் தேறிய தமிழ் டாக்டர்கள் அறுபதுக்கும் மேல். லண்டனில் 1858-ல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல், இன்றும் உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் புரட்டுகிற பெரிய புத்தகம். அதைத் தழுவி 'மனுஷ அங்காதிபாதம்' என்ற தமிழ் நூலை 1872-ல் வெளியிட்டார்கள். காறை எலும்பும் தோள்பட்டையும் அப்போதே தமிழில் அச்சேறிவிட்டன. அவர் கையாண்ட தமிழில் வடமொழி தூக்கல்தான், இன்றைக்குப் படித்தால் நாக்குச் சுளுக்கும். இருந்தாலும் அந்த மனிதர் அமெரிக்காவில் 1884-ல் இறந்தபோது, தமிழர்களுக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்றுதான் கல்லறையில் பொறித்தார்கள். தாய்மொழியில் ஒரு பொருளைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அதன் ஆங்கிலப் பெயரை மனப்பாடம் செய்வது ஒரு வார வேலை. என் அனுபவம் அப்படித்தான்.

சிங்கப்பூர்க் கதை வேறு மாதிரி. அங்கே தமிழர்கள் எலும்பைப் படிப்பதற்கு முன்பே, தமிழர்களின் எலும்பை மற்றவர்கள் படித்தார்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1905 ஜூலை 3-ஆம் நாள் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி திறந்தார்கள். இப்போது அவுட்ராமில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை இருக்கிற பக்கம், சிப்பாய் லைன்ஸ் என்பார்கள். பெண்களுக்கான பழைய மனநோய் விடுதிக் கட்டடத்தில் 23 மாணவர்களோடு வகுப்பு நடந்தது. 1921-ல் அது ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியாயிற்று. 1926-ல் திறந்த, பெரிய தூண்கள் கொண்ட கல்லூரிக் கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. அதே 1926-ல், அக்கல்லூரியின் உடற்கூற்றுப் பேராசிரியர் கார்டன் ஹாரோவர் ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரையை எடின்பரோ அரச கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். பொருள் என்ன தெரியுமா? ஹொக்கியன் சீனர்களின் மண்டையோடும் தமிழர்களின் மண்டையோடும். இரண்டையும் அளந்து ஒப்பிட்டு எழுதினார்.

யாருடைய மண்டையோடுகள் அவை? அந்தக் காலத்து மருத்துவப் பள்ளிகளில், உலகின் பல நாடுகளிலும், உரிமை கோர ஆளில்லாமல் இறந்தவர்களின் உடல்தான் பாடத்துக்குப் போகும். நம்மவர்கள் எப்படி வந்தார்கள் என்று உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறித் தனி ஆளாக வந்தவர்கள் எத்தனை பேர்! சிராங்கூன் சாலையைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்த காலத்தில் சூளையில் வெந்தவர்கள், சடக்குப் போட்டவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். அதற்கும் முன்னால் 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இஸ்தானா மாளிகையும் அந்தக் கைதிகளின் தோளும் கையும் கட்டியவை. பெண்டு பிள்ளை ஊரில் இருக்க, இங்கே ஆஸ்பத்திரிப் படுக்கையில் தனியாகக் கண்மூடியவருக்கு உரிமை கோர யார் வருவார்?

ஹாரோவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்து அறிஞர்கள் பலருக்கும் இனத்துக்கு இனம் எலும்பை அளந்து தரம் பிரிப்பதில் ஒரு மோகம் இருந்தது. அந்த மோகம் இப்போது அடங்கிவிட்டது, நல்லதாயிற்று. எலும்பைப் பார்த்து ஏறத்தாழ வயது சொல்லலாம், ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் சொல்லலாம், மேற்கை எலும்பின் நீளத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடலாம், பழைய முறிவைக் காட்டலாம், எந்தக் கையால் அதிகம் உழைத்தார் என்று ஊகிக்கலாம். ஆயிரக்கணக்கான படம் பார்த்த நான் சொல்கிறேன், திரையில் ஒரு தோள்பட்டையைக் காட்டினால் அது தமிழருடையதா, சீனருடையதா, மலாய்க்காரருடையதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் பெயரையும் எலும்பு சொல்லாது. நம் மனத்தை உறுத்துவது அதுதான். கட்டுரைத் தலைப்பில் 'தமிழர்' என்று இருக்கிறது. அம்மா வைத்த பெயர் அதில் இல்லை.

சிங்கப்பூரோடு முடியவில்லை. பல ஆண்டுக் காலம் உலகத்து மருத்துவ மாணவர்கள் கையில் எடுத்துப் படித்த எலும்புக்கூடுகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கல்கத்தாவிலிருந்து, பெட்டி பெட்டியாகக் கப்பலேறியவை. ஏழைகளின் எலும்புகள். 1985-ல்தான் இந்திய அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உங்கள் ஊர் டாக்டர் வயதானவராக இருந்தால், அவர் மாணவராக இருந்தபோது கையில் வைத்துப் படித்த காறை எலும்பு ஒரு வங்காளக் கூலியுடையதாக இருந்திருக்கலாம்.

இன்று முறை மாறியிருக்கிறது. சிங்கப்பூரில் 1972-ல் ஒரு சட்டம் வந்தது. பதினெட்டு வயது நிரம்பியவர் தம் உறுப்புகளையோ உடல் முழுவதையுமோ சிகிச்சைக்கும் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் தாமே விரும்பி எழுதிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தவர்களை மருத்துவ மாணவர்கள் மௌன ஆசிரியர்கள் என்று அழைக்கிறார்கள், மரியாதை செலுத்துகிறார்கள். உரிமை கோர ஆளில்லாததால் எடுத்துக்கொள்வது ஒன்று, ஒருவர் உயிரோடு இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வேறு ஒன்று. நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, கொள்ளி வைக்க வேண்டாமா என்கிறாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அந்த வழக்கு எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. உங்களை எழுதிக் கொடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அது அவரவர் வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டிய சங்கதி.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கடைசியாக ஒன்று. மேடைக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய அட்டைப் பெட்டியைப் பார்த்தீர்களா? அதில் ஒரு முழுக் கை இருக்கிறது, பயப்படாதீர்கள், பிளாஸ்டிக்தான். காறை முதல் விரல் நுனி வரை 32 துண்டு, இந்தப் பள்ளிக்கு என் அன்பளிப்பு. பரிசு கொடுத்து முடிந்ததும் மேசை மேல் பரப்பி வைக்கிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் முதலில் வரட்டும், பிறகு மற்றவர்கள், அப்புறம் அப்பா அம்மாக்கள். முதலில் தோள்பட்டை எலும்பை எடுங்கள், வரப்பு உங்களைப் பார்க்கட்டும், குழி எந்தப் பக்கம் என்று பார்த்து இடதா வலதா சொல்லுங்கள். மணிக்கட்டு எட்டும் மிகச் சிறியவை. சின்னத் தம்பி தங்கைகளின் வாய்க்குப் போகாமல் அக்காமார்கள் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணித்தான் திரும்ப வாங்குவேன்.